பட்டும் ஏன் புத்தி வரவில்லை?



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலைப் பூசை முடிந்து ஜனங்கள் கலைந்தபின், ஓர் அம்மாள் கோயில் வாசலில் என்னை நிறுத்தினார். "சாமி, பட்டால் புத்தி வரும் என்று பெரியவர்கள் சொல்லுகிறார்களே! எங்கள் வீட்டுக்காரர் சம்பளம் வாங்கிய கையோடு சீட்டாடப் போய்விடுகிறார். மூன்று தடவை நகை அடகுக்குப் போயிற்று. மூன்று தடவையும் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பட்டும் ஏன் சாமி புத்தி வரவில்லை?" என்று கேட்டார்.

அவசரத்தில் வழக்கமான பதிலைச் சொன்னேன்: "அவரை என்னிடம் அனுப்புங்கள், நான் நாலு வார்த்தை சொல்லுகிறேன்." அனுப்பினார். சொன்னேன். மனிதர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் சொன்னவற்றுள் அவர் அறியாதது ஒன்றுமில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடியும் போனார். இதே நாலு வார்த்தையை இதற்கு முன் எத்தனையோ பேருக்குச் சொல்லி, அதன் பலனையும் கண்டவன் நான். ஆகையால் பட்டும் புத்தி வராதவர் அந்த வீட்டில் மட்டுமல்ல, பங்குச் சாமியார் வீட்டிலும் ஒருவர் உண்டு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த அம்மாளின் அனுமதியோடும், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இதை எழுதுகிறேன். அவர் கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வியல்ல. நாம் நேற்றுச் செய்த தீர்மானத்தின் பலன், நாளை செய்யப்போகும் தீர்மானத்தை மூளைக்குள் எவ்விதம் மாற்றுகிறது? சில வேளைகளில் ஏன் மாற்றுவதில்லை? நூறு வருஷங்களுக்கு மேலாக விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டவற்றில் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றை இன்று பார்ப்போம்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பது நம் பழமொழி. பூனை எப்படிக் கற்றுக்கொள்ளுகிறது என்பதை நேரம் குறித்து அளந்து பார்த்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த எட்வர்ட் தார்ன்டைக். மாணவராக இருந்த காலத்தில் ஹார்வர்டில் கோழிக்குஞ்சுகளைக் கொண்டு பரிசோதனை தொடங்கினார். குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி ஆட்சேபித்தாள். தத்துவ ஆசிரியர் வில்லியம் ஜேம்ஸ் தம் வீட்டு நிலவறையைக் கொடுத்து உதவினார். பிறகு நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலைக்குப் போய்ப் பூனைகளை எடுத்துக்கொண்டார். பசியோடிருக்கும் பூனையைச் சட்டம் அடித்த கூண்டில் அடைப்பார். தீனி வெளியே இருக்கும். உள்ளே தொங்கும் ஒரு வளையத்தை இழுத்தால், அல்லது ஒரு பலகையை மிதித்தால், கதவு திறக்கும். பூனை கீறும், கடிக்கும், சந்துகளில் காலை நுழைக்கும். எதேச்சையாக வளையத்தில் கால் பட்டுக் கதவு திறந்துகொள்ளும். மறுபடியும் உள்ளே அடைப்பார். இப்படிப் பல தடவை.

1898-ல் அவர் வெளியிட்ட முடிவில் கவனிக்க வேண்டியது ஒன்று. பூனை வெளியேற எடுத்துக்கொண்ட நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் திடீரென்று குறையவில்லை. "ஓகோ, வளையத்தில் இருக்கிறதா சூட்சுமம்!" என்று ஒரு நாள் விளங்கி, மறுநாள் முதல் தவறில்லை என்பது நடக்கவே இல்லை. ஏறியும் இறங்கியும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைந்தது. திருப்தி தந்த செய்கை உள்ளே பதிகிறது, தொல்லை தந்த செய்கை தளர்கிறது என்று அவர் எழுதினார். விளைவு விதி என்று அதற்குப் பெயர்.

முப்பது வருஷத்துக்குப் பின், இந்த விதியில் பாதியைத் தார்ன்டைக்கே வெட்டிவிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. மனிதர்களிடம் ஓர் அந்நிய மொழிச் சொல்லையும் ஐந்து அர்த்தங்களையும் காட்டி, ஒன்றைப் பொறுக்கச் சொன்னார். பொறுக்கியதும் "சரி" என்றோ "தப்பு" என்றோ சொல்லப்பட்டது. "சரி" என்ற சொல் அந்தப் பதிலை நன்றாக உறுதிப்படுத்தியது. "தப்பு" என்ற சொல்லோ, தவறான பதிலை அநேகமாகத் தளர்த்தவே இல்லை! அடியாத மாடு படியாது என்று சதா சொல்லிக்கொண்டிருக்கும் தகப்பன்மார் இதைக் கவனிக்கவும். பின்னால் வந்தவர்கள், தண்டனைக்கு வேலையே இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. உடனே வருவதும் தவறாமல் வருவதுமான தண்டனை, செய்கையை நிறுத்தத்தான் செய்கிறது. அடுப்பு அப்படிப்பட்ட ஆசிரியர். தொட்ட அதே கணத்தில் சுடும். ஒரு நாளும் மறக்காது. ஆளுக்கொரு நியாயம் வைக்காது. சீட்டாட்டம் அப்படியா? ஆட்டத்தின் சுகம் அங்கேயே, அப்போதே. அதன் சூடு அடகுக் கடை வட்டியாக மாதம் கழித்து வருகிறது, அதுவும் பாதி மனைவியின் கழுத்தில் வருகிறது. எதனால் சுட்டது என்று மூளை கணக்குப் போடுவதற்குள் இடையில் நூறு காரியங்கள் நடந்துவிடுகின்றன.

நிற்க. பதிகிறது, தளர்கிறது என்றோமே, எங்கே, எப்படி? இதற்கு ஒரு தெளிவான விடை கிடைத்தது சுவிட்சர்லாந்தில். ஃபிரிபூர் நகரத்துச் சர்வகலாசாலையில் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்பவர், குரங்குகளின் நடுமூளையிலுள்ள சில நரம்பணுக்களின் துடிப்பை மிக நுண்ணிய மின்கம்பி கொண்டு கேட்டு வந்தார். டோபமைன் என்னும் ரசத்தைச் சுரக்கும் அணுக்கள் அவை. மனித மூளையில் கோடானுகோடி நரம்பணுக்கள் இருக்க, இவை சில லட்சந்தான். ஆனால் இவற்றின் கிளைகள் மூளையின் பெரும் பரப்புக்குச் செல்லுகின்றன.

குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு துளி பழரசம் விழுந்தது. அணுக்கள் படபடவென்று துடித்தன. இனிப்பைச் சுவைத்த சந்தோஷம் என்றுதானே நினைப்போம்? பிறகு, ஒரு சிறு விளக்கு எரியும், சற்று நேரத்தில் ரசம் விழும் என்று பழக்கினார்கள். குரங்கு பழகிக்கொண்டபின் துடிப்பு இடம் மாறிவிட்டது. விளக்கு எரிந்தவுடன் துடித்தன. ரசம் விழுந்தபோது சும்மா இருந்தன. அதே ரசம், அதே நாக்கு. ஆனால் மூளைக்கு அதில் புதுச் செய்தி இல்லை. மூன்றாவதாக, விளக்கை எரியவிட்டு ரசத்தைக் கொடுக்காமல் நிறுத்தினார்கள். ரசம் விழவேண்டிய அதே கணத்தில், அணுக்கள் வழக்கமாகத் துடிக்கும் அளவுக்கும் கீழே அடங்கிப் போயின.

ஆகவே அந்த அணுக்கள் சொல்லுவது "இனிப்பு" என்பதல்ல. "எதிர்பார்த்ததைவிட மேல்", "எதிர்பார்த்தபடியே", "எதிர்பார்த்ததைவிடக் கீழ்" என்பதே. 1997-ல் ஷூல்ட்ஸும், பீட்டர் டயன், ரீட் மான்டேகு என்ற இருவரும் சேர்ந்து இதை எழுதினார்கள். ராபர்ட் ரெஸ்கோர்லா, ஆலன் வாக்னர் என்பவர்கள் 1972-லேயே காகிதத்தில் எழுதிய ஒரு கணக்கும், எந்திரங்களுக்குக் கற்பிக்கக் கணக்கியலார் வகுத்த ஒரு முறையும் இந்த அணுக்களின் துடிப்போடு வியக்கத்தக்க விதமாகப் பொருந்தின. ஷூல்ட்ஸுக்கும் டயனுக்கும், ரே டோலன் என்பவருக்கும் 2017-ல் மூளை ஆராய்ச்சிக்கான பெரிய பரிசு அளிக்கப்பட்டது.

தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தினமும் சரியான உப்போடு இருக்கும் குழம்பைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு நாள் உப்புக் கூடினால்தான் பேச்சு. சமைத்தவளும் அன்றுதான் கையளவைத் திருத்துகிறாள். எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் இடையே இருக்கும் வித்தியாசந்தான் பாடம். வித்தியாசம் இல்லையானால் பாடம் இல்லை.

இப்போது அந்த வீட்டுக்காரரிடம் திரும்புவோம். பத்து ஆட்டத்தில் எட்டு ஆட்டம் தோற்கும் மனிதர், தோல்வியை எதிர்பார்த்தே உட்காருகிறார். எதிர்பார்த்த தோல்வி மூளைக்குப் பழைய செய்தி. எதிர்பாராமல் வந்த ஒரு வெற்றியோ, எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ மேல்! எட்டுத் தோல்வியும் மெல்லிய கோடாக நிற்க, ஒரு வெற்றி ஆழமாகப் பதிகிறது. பலன் எப்போது வரும் என்று தெரியாதபடி, சில தடவைக்கொரு தடவை மட்டும் தீனி கொடுத்துப் பழக்கிய புறாக்கள், தீனியே நின்றபிறகும் நெடுநேரம் பொத்தானைக் கொத்திக்கொண்டே இருந்தன என்பதை ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற இருவர் 1957-ல் ஒரு பெரிய புத்தகமாகவே எழுதியிருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. "ஒரு சீட்டில் தப்பிவிட்டது" என்பார்களே, அப்படி மயிரிழையில் கைவிட்டுப் போன தோல்வி, வெற்றி பெற்றபோது விழிக்கும் மூளைப் பகுதிகளை ஓரளவு எழுப்புகிறது என்று கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் என்பவரும் அவரோடிருந்தவர்களும் 2009-ல் கண்டார்கள். தோற்றவன் வீட்டுக்குப் போகாமல் இன்னோர் ஆட்டம் கேட்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் மனிதன் புறாவல்லவே, அவனுக்கு அறிவு இருக்கிறதே என்பீர்கள். நியாயந்தான். அறிவு இருந்தும் பயன்படாமற்போகும் விந்தையை, சீட்டுக்கட்டை வைத்தே காட்டிய ஒரு பரிசோதனையை இனிச் சொல்லுகிறேன். எனக்கு இந்தப் பொருளில் அதிக சிந்தனை கொடுத்தது இதுவே.

அமெரிக்காவில் அயோவா மாகாணத்துச் சர்வகலாசாலையில் அந்துவான் பெசாரா, அந்தோனியோ டமாசியோ, ஹன்னா டமாசியோ, ஸ்டீவன் ஆண்டர்சன் ஆகிய நால்வர் 1994-ல் வெளியிட்டது. ஆடுகிறவருக்கு 2,000 டாலர் போலிப் பணம் கடனாகக் கொடுக்கப்படும். முன்னால் நான்கு சீட்டுக்கட்டுகள். எதிலிருந்து வேண்டுமானாலும் ஒவ்வொரு சீட்டாக எடுக்கலாம். முதல் இரண்டு கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் வரவு. மற்ற இரண்டில் 50 டாலர்தான். ஆனால் சில சீட்டுகளில் வரவோடு அபராதமும் இருக்கும். 100 டாலர் கட்டுகளில் பத்துச் சீட்டு எடுத்தால் வரவு 1,000, அபராதம் மொத்தம் 1,250. ஆக 250 நஷ்டம். 50 டாலர் கட்டுகளில் பத்துச் சீட்டுக்கு வரவு 500, அபராதம் 250. ஆக 250 லாபம். இந்தக் கணக்கை ஆடுகிறவருக்குச் சொல்லமாட்டார்கள். எத்தனை சீட்டோடு ஆட்டம் முடியும் என்றும் சொல்லமாட்டார்கள். நூறாவது சீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

சுகமான மூளையுள்ளவர்கள் முதலில் எல்லாக் கட்டையும் தொட்டுப் பார்த்தார்கள். 100 டாலர் கண்ணைப் பறித்தது. அபராதம் விழ விழ, மெல்ல மெல்ல 50 டாலர் கட்டுகளுக்கு மாறினார்கள். நெற்றிக்குப் பின்னால், கண்களுக்கு மேலே அடிப்பாகத்தில் உள்ள மூளைப் பகுதி பழுதுபட்டவர்களோ, திரும்பத் திரும்ப 100 டாலர் கட்டுக்கே போனார்கள். இவர்கள் மந்தபுத்தியுள்ளவர்கள் அல்லர். பேச்சு, ஞாபகம், கணக்கு எல்லாம் ஒழுங்காகவே இருந்தன.

இதே குழுவினர் 1997-ல் ஆடுகிறவர்களின் தோலில் ஊறும் நுண்ணிய வியர்வையையும் அளந்தார்கள். சுகமானவர்கள் ஏறக்குறைய ஐம்பதாவது சீட்டளவில், "இந்தக் கட்டு சரியில்லை போலிருக்கிறது" என்று சந்தேகப்பட்டார்கள். எண்பதாவது சீட்டளவில் பத்துப் பேரில் ஏழு பேர் காரணமே சொன்னார்கள். ஆனால் சந்தேகமும் தோன்றுவதற்கு முன்னமே, கெட்ட கட்டின் பக்கம் கை நீளும்போது அவர்கள் தோல் வியர்த்தது! வாய் அறியாததை உடல் முந்தி அறிந்ததுபோல. பழுதுற்ற ஆறு பேருக்கு இந்த முன்வியர்வை வரவே இல்லை. அந்த ஆறு பேரில் மூன்று பேர், எந்தக் கட்டு கெட்டது, ஏன் கெட்டது என்று சரியாகச் சொல்லவும் செய்தார்கள். சொல்லிவிட்டு அந்தக் கட்டிலேயே சீட்டை எடுத்தார்கள்.

ஆடுகிறவர்களைத் துருவிக் கேட்டால், அவர்கள் நினைத்ததைவிடச் சீக்கிரமே கட்டுகளின் குணத்தை அறிந்திருக்கிறார்கள் என்று மையா, மக்லெலண்ட் என்ற இருவர் 2004-ல் காட்டினார்கள். ஆகையால் உடல் முந்தியதா, அறிவு முந்தியதா என்பதில் வாதம் உண்டு. அந்த மூன்று பேரின் கதை அதனால் மாறிவிடாது. அறிதல் ஒன்று, அறிந்ததனால் கை திரும்புதல் வேறொன்று.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் எடுவார் கிளாபரேட் என்ற வைத்தியர், நடந்ததை உடனே மறந்துவிடும் ஒரு பெண் நோயாளியைப் பற்றி 1911-ல் எழுதினார். பல வருஷம் பழகிய வைத்தியரையே ஒவ்வொரு நாளும் புது மனிதராகப் பார்ப்பாள். ஒரு நாள் அவர் விரலிடுக்கில் ஒரு குண்டூசியை மறைத்து வைத்துக்கொண்டு அவளோடு கைகுலுக்கினார். குத்தியது. சற்று நேரத்தில் மறந்தும் போனாள். பிறகு அவர் கையை நீட்டினபோது அவள் தன் கையை இழுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால், காரணம் சொல்லத் தெரியவில்லை. (இன்று ஒரு வைத்தியர் இப்படிச் செய்தால் வைத்தியசாலையில் இருக்கவிடமாட்டார்கள், விட வேண்டியதும் இல்லை.)

ஆக, மூளைக்குள் கணக்குப் புத்தகம் ஒன்றல்ல. 1996-ல் பார்பரா நோல்டன், ஜெனிஃபர் மாங்கல்ஸ், லாரி ஸ்க்வயர் என்ற மூவர் இதை நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். சில அட்டைகளைக் காட்டி, "மழையா, வெயிலா?" என்று ஊகிக்கச் சொல்லி, ஒவ்வொரு ஊகத்துக்கும் சரி, தப்பு சொன்னார்கள். ஞாபகம் இழந்த நோயாளிகள் தொடக்கத்தில் மற்றவர்களைப்போலவே நாளடைவில் சரியாக ஊகித்தார்கள். ஆனால் அந்த விளையாட்டைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. டோபமைன் அணுக்கள் அழிந்துபோகும் பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம், உள்ளவர்கள் விளையாட்டை நன்றாக ஞாபகம் வைத்திருந்தார்கள், ஊகம்தான் தேறவில்லை. ஞாபகத்தில் எழுதும் புத்தகம் ஒன்று, கையில் எழுதும் புத்தகம் ஒன்று. நானும் அந்த மனைவியும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து அந்த மனிதரின் முதல் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்தோம். அது ஏற்கெனவே நிறைந்திருந்தது.

நடுக்குவாதத்தைக் குறிப்பிட்டபடியால் ஒரு காரியத்தைச் சொல்லாமல் விடமுடியாது. டோபமைனைப்போல் வேலை செய்யும் சில மாத்திரைகள் இந்நோய்க்குக் கொடுக்கப்படுகின்றன. அவை பலருக்கு நடக்கவும் எழுதவும் பலம் கொடுக்கும் நல்ல மருந்துகள். ஆனால் சிலருக்கு, வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சீட்டைத் தொடாத பெரியவர்களுக்கும், இம்மாத்திரை தொடங்கியபின் சூதாட்ட வெறி, வேண்டாத பொருள்களை வாங்கும் வெறி, அடங்காத தீனி முதலியவை வந்திருக்கின்றன. வைத்தியர்கள் நன்கறிந்த பக்கவிளைவு இது. மாத்திரை இல்லாதபோது இந்நோயாளிகள் தப்பிலிருந்து அதிகமாகவும், மாத்திரை உண்டபோது வெற்றியிலிருந்து அதிகமாகவும் கற்றுக்கொள்ளுகிறார்கள் என்று மைக்கேல் ஃபிராங்க் என்பவரும் மற்றிருவரும் 2004-ல் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது. உங்கள் வீட்டில் அப்படியொரு பெரியவர் இருந்தால், "வயசான காலத்தில் புத்தி கெட்டுப்போயிற்றே" என்று திட்டவேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ கொடுப்பார்.

இதுவரை, பலனிலிருந்து கற்றுக்கொள்ளாதவர்களைப் பற்றிப் பேசினோம். பலனிலிருந்து தப்பான பாடத்தைக் கற்றுக்கொள்ளுகிறவர்கள் அதைவிட அதிகம். அவர்களில் நாம் எல்லோரும் சேர்த்தி.

1988-ல் ஜொனாதன் பாரன், ஜான் ஹெர்ஷி என்பவர்கள் அமெரிக்காவில் மாணவர்களுக்கு ஒரு கதை கொடுத்தார்கள். 55 வயதுள்ள ஒருவருக்கு இருதய நோய். அறுவை செய்தால் குணமாகலாம். ஆனால் அந்த அறுவையில் நூற்றுக்கு 8 பேர் இறக்கிறார்கள். வைத்தியர் செய்யத் தீர்மானித்தார். ஒரு கதையில் நோயாளி பிழைத்தார், மற்றொன்றில் இறந்தார். மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. வைத்தியரின் தீர்மானம் சரிதானா என்று மதிப்பிடச் சொன்னபோது, நோயாளி இறந்த கதையில் தீர்மானத்துக்குக் குறைந்த மதிப்பே கிடைத்தது. தீர்மானித்த நேரத்தில் அவர் கையில் இருந்த விவரம் இரண்டிலும் ஒன்றே என்பதைப் படித்தவர்கள் மறந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் துக்க வீடுகள் நினைவுக்கு வந்தன. "நான்தான் சாமி ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன்; நான்தான் கொன்றுவிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொள்ளும் மகனை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! இரண்டு வைத்தியரைக் கேட்டு, அண்ணன் தம்பிகளைக் கூட்டி வைத்துப் பேசி, கடன் வாங்கிப் போட்ட கையெழுத்து அது. அதே கையெழுத்துக்குத் தகப்பன் பிழைத்து எழுந்திருந்தால் ஊரே அவனை மெச்சியிருக்கும். கையெழுத்து ஒன்றே. அப்படிப்பட்டவர்கள் யாராவது இதை வாசித்தால், இந்தப் பத்தியை இன்னொரு தடவை வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தலைக்கவசம் இல்லாமல் இருபது வருஷம் மோட்டார் சைக்கிள் ஓட்டியும் ஒன்றும் ஆகவில்லை என்பவர், குடித்துவிட்டு ஓட்டியும் பத்திரமாக வீடு வந்தேன் என்பவர், இவர்கள் மூளை ஒவ்வோர் இரவும் "எதிர்பார்த்ததைவிட மேல்" என்று எழுதிக்கொள்ளுகிறது. படித்தவர்களும் இதற்குத் தப்பவில்லை. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்தின் பக்க ராக்கெட்டுகளில் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இருந்தன. முந்திய பயணங்கள் சிலவற்றில் அவை சூட்டில் அரிக்கப்பட்டிருந்ததைப் பொறியியலார் கண்டார்கள். ஆனால் கலம் ஒவ்வொரு தடவையும் பத்திரமாகத் திரும்பியது. திரும்பத் திரும்ப, அந்த அரிப்புப் பழகிப்போயிற்று. 1986 ஜனவரி 28-ந் தேதி, கடுங்குளிரான காலையில், புறப்பட்ட 73-ம் விநாடியில் கலம் சிதறி ஏழு பேர் மாண்டார்கள். முந்தின மாலை சில பொறியியலார் குளிரைக் காட்டித் தடுத்துச் சொல்லியிருந்தார்கள். 2003-ல் கொலம்பியா என்ற கலமும் இதே மாதிரிதான் போயிற்று. எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத்துண்டுகள் உதிர்ந்து அடிப்பது பல பயணங்களில் கண்ட பழைய சங்கதி. பழைய சங்கதியாய் இருந்ததே கேடாயிற்று. அதிலும் ஏழு பேர்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பலனைக் காணுமுன்பே, ஏன் இப்படித் தீர்மானிக்கிறேன், என்ன எதிர்பார்க்கிறேன் என்பதை எழுதி வைப்பது ஒரு வழி. பின்னால் பார்க்கும்போது மூளை தன் எதிர்பார்ப்பை மாற்றிச் சொல்ல முடியாது. அதிர்ஷ்டம் எது, நிதானம் எது என்று பிரித்துப் பார்க்கலாம். நிலம் வாங்குவது, பெண் கொடுப்பது, பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது போன்ற பெரிய காரியங்களுக்கு இது போதும்.

தினசரிக் குற்றத்துக்கு வேறு வழி வேண்டும். அர்ச். இஞ்ஞாசியார் தம் ஞானப் பயிற்சிகளில் ஒரு வழி கொடுத்திருக்கிறார். 1548-ல் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் அங்கீகரித்த புத்தகம் அது. திருத்த விரும்பும் குற்றம் ஒன்றையே எடுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்டு, மத்தியானமும் இரவும், எத்தனை தடவை விழுந்தோமோ அத்தனை புள்ளி வைக்க வேண்டும். காலையின் கோட்டை மாலையோடும், நேற்றை இன்றோடும், சென்ற வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். குருமடத்தில் இதை எங்களுக்குக் கற்பித்தபோது, பலசரக்குக் கடைக் கணக்குப்போல் இருக்கிறதே என்று எங்களுக்குள் சிரித்திருக்கிறோம். இப்போது சிரிப்பு வரவில்லை. மாதம் கழித்து வரவேண்டிய சூட்டை அன்றிரவே கொண்டுவரும் ஏற்பாடு அது.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. கடையில் மிட்டாய்க்கு அழும் குழந்தைக்கு நாலு தடவை மறுத்து ஐந்தாம் தடவை வாங்கிக் கொடுக்கும் தாய், அந்தப் புறாக்களுக்குத் தீனி போட்டவர்களின் முறையையே கையாளுகிறாள். கொடுப்பதானால் முதல் தடவையே கொடுத்துவிடுங்கள். மறுப்பதானால் கடைசிவரை மறுங்கள். பாட்டிமார் இருக்கும் வீட்டில் இது நடக்காது என்று எனக்கும் தெரியும்.

அந்த அம்மாளைப் பிறகு பார்த்தபோது, முன்பு நான் சொன்ன பதில் தப்பு என்று சொன்னேன். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கும்படி சொன்னேன். ஆடிவிட்டு வரும் ஒவ்வோர் இரவும், படுக்குமுன், அன்று கொண்டுபோனது எவ்வளவு, கொண்டுவந்தது எவ்வளவு, ஆரம்பத்திலிருந்து மொத்தம் எவ்வளவு என்று அவர் கையாலேயே எழுத வேண்டும். அவர் எழுதும்போது வீட்டில் யாரும் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. சம்பளத்தில் வீட்டுப் பங்கு, ஆட்டத்துக்குப் போக வழியில்லாதபடி, அன்றே மனைவியின் கணக்கில் போய்விட வேண்டும். இது முற்றினால் வைத்தியம் பார்க்க வேண்டிய நோய் என்பதையும், மனநல வைத்தியரிடம் போவதில் அவமானமில்லை என்பதையும் இருவருக்கும் சொல்லியிருக்கிறேன்.

"நானும் வாய் திறக்கக் கூடாதா சாமி?" என்று கேட்டார்.

"நீங்களும், நானும்" என்றேன்.

நோட்டில் இதுவரை பதினொரு பக்கம் எழுதியாயிற்று. இடையில் இரண்டு வாரம் வெறுமையாக இருக்கிறது. ஆடாததனாலா, எழுதாததனாலா என்று அந்த அம்மாள் கேட்கவில்லையாம். அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு இருவரும் நோட்டோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் பங்குக் குரு